செட்டிபாளையம் சாமியாரும் அமெரிக்க இதயங்களும்

1972-ம் ஆண்டு. டெக்சாஸில் கல்லூரி மாணவர் ஒருவர் கடும் மனச்சோர்வில் விழுந்து, படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டில் முடங்கிக் கிடந்தார். அந்த வீட்டு விருந்துக்கு ஒருநாள் காவி உடுத்திய தாடிக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 1914-ல் பிறந்த சுவாமி சச்சிதானந்தர். 1969-ல் உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்தவரும் இவர்தான். மாணவரின் பெயர் டீன் ஆர்னிஷ்.

சாமியாரிடம் யோகாவும் சைவ உணவும் பழகித் தேறிய ஆர்னிஷ், பிறகு டாக்டராகி ஒரு விபரீதக் கேள்வியைக் கேட்டார். இதய ரத்தக்குழாயில் விழுந்த அடைப்பை, கத்தியில்லாமல், கொலஸ்ட்ரால் மாத்திரையும் இல்லாமல் குறைக்க முடியுமா? வந்த அடைப்பு வளரும், குறையாது என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

48 நோயாளிகளை வைத்து அவர் நடத்திய ஆய்வு, 1990-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. அவர் விதித்த பத்தியம் லேசுப்பட்டதல்ல. சாப்பாட்டின் மொத்தக் கலோரியில் கொழுப்பு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இறைச்சி, மீன், எண்ணெய், காபி எதுவும் கிடையாது. முட்டையின் வெள்ளைக்கருவுக்கும் ஒரு கப் கொழுப்பு நீக்கிய பாலுக்கும் மட்டும் சலுகை. புகைப்பழக்கத்தை விட வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் ஆசனம், மூச்சுப்பயிற்சி, தியானம். வாரத்துக்கு 3 மணி நேரம் நடை. இவ்வளவும் போதாதென்று, வாரம் இருமுறை நோயாளிகள் கூடி உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும்.

ஓராண்டு முடிவில், பத்தியம் இருந்தவர்களின் சராசரி அடைப்பு 40 சதவீதத்திலிருந்து 37.8-ஆகக் குறைந்தது. வழக்கமான ஆலோசனையோடு நின்றவர்களுக்கு 42.7 சதவீதம் 46.1-ஆக ஏறியது. 'இதற்கா இத்தனை பாடு?' என்று உதட்டைப் பிதுக்கத் தோன்றும். ஆனால், பத்தியக்காரர்களுக்கு நெஞ்சுவலி வரும் தடவைகள் 91 சதவீதம் குறைந்திருந்தன. ஐந்தாண்டு கணக்கு இன்னும் அழுத்தமானது: பத்தியம் இருந்த 28 பேருக்கு மாரடைப்பு, ஆஞ்சியோபிளாஸ்டி, மருத்துவமனை அனுமதி என எல்லாம் சேர்த்து 25 இதயச் சிக்கல்கள், மற்ற 20 பேருக்கு 45. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 2010-ல் இந்தத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது.

குறை இல்லாமல் இல்லை. 48 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. பலன் தந்தது உணவா, நடையா, தியானமா, மனம்விட்ட பேச்சா என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லை. எண்ணெயை அறவே ஒதுக்கிவிட்டு, அந்தப் பள்ளத்தை வெள்ளைச் சோற்றால் நிரப்பினால் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு ஏறும். நம்மூர்த் தட்டுக்கு இந்த எச்சரிக்கை ரொம்பவே அவசியம்.

யோகாவை மட்டும் தனியே எடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு இந்தியாவில் நடந்தது. மாரடைப்பிலிருந்து மீண்ட 3,959 பேர், 24 மருத்துவமனைகள். மூன்று மாதங்களில் 13 யோகா வகுப்புகள், கூடவே வழக்கமான சிகிச்சை. 2020-ல் வெளியான முடிவு ஆரவாரமில்லாதது: மரணம், மறு மாரடைப்பு போன்ற பெரிய ஆபத்துகளில் திட்டவட்டமான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால், யோகா செய்தவர்கள் உடல்நிலை தேறியிருப்பதாக உணர்ந்தார்கள். பழைய வேலைகளுக்குத் திரும்புவதும் அவர்களுக்குக் கூடுதலாகக் கைகூடியது. ஆர்னிஷின் நோயாளிகள் தினம் ஒரு மணி நேரம் வருடக்கணக்கில் செய்ததை 13 வகுப்புகளில் எதிர்பார்ப்பது நியாயமல்ல. பத்தியத்தில் பாதி இருந்துவிட்டு முழுப் பலன் கேட்கிற கதைதான்.

தமிழ்நாட்டில் யோகாவையும் பத்தியத்தையும் தெரிந்தவர்களிடம் கேட்டுச் செய்ய வழி இருக்கிறது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியே உண்டு. அங்கே பட்டப்படிப்பு, பயிற்சிக்காலம் உட்பட ஐந்தரை ஆண்டுகள். வீட்டில் முதலில் கைவைக்க வேண்டியது உப்பில். நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்தி.

வாட்ஸ்அப் வைத்தியம் வேறு ரகம். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமைக்காக அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறவர் திடீரென்று கிண்ணம் கிண்ணமாகக் கீரை சாப்பிட்டால், மருந்தின் வேகம் மட்டுப்பட்டு ரத்தம் உறையலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரின் பொட்டாசியமே வினையாகலாம். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு உண்ணாநோன்பு இருப்பவர் மயங்கி விழலாம். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, 'இயற்கைக்கு மாறிவிட்டேன்' என்று ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமைக்கான மாத்திரையைத் தானாக நிறுத்துவது. ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி உயிர் போகக்கூடும். எந்த மாத்திரையைக் குறைக்கலாம், எதை நிறுத்தலாம் என்பதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மாரடைப்பு வந்துவிட்டால் பூண்டுக்கும் மருதம்பட்டைக் கஷாயத்துக்கும் அங்கே வேலையில்லை. நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். 2023 ஜூன் முதல், தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில், கிராமத்துத் துணை சுகாதார நிலையங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகள் இருப்பு வைக்கப்படுகின்றன.