மறதியும் கதைக் குறிப்பேடும்

பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு கதை எழுத வேண்டும் என்று உங்களுக்கு ஆசை. பேருந்தில் வரும்போது அருமையான கற்பனை ஒன்று தோன்றுகிறது. "வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுகிறீர்கள். இரவு நோட்டைத் திறந்தால்? ஏதோ தோன்றியது என்பது மட்டும் நினைவிருக்கிறது. என்ன தோன்றியது என்பது போய்விட்டது! இது ஏன் என்று பார்ப்போமா?

ஜெர்மனி நாட்டு உளவியல் அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் மறதியை அளந்து பார்க்க விரும்பினார். தம்மையே சோதனைப் பொருளாக்கிக் கொண்டார். பொருளற்ற அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்வார். சிறிது காலம் கழித்து அதே வரிசையை மீண்டும் கற்பார். முதல் முறை செலவான நேரத்தில் இம்முறை எவ்வளவு மிச்சமாகிறதோ, அதுவே நினைவில் தங்கியதன் அளவு எனக் கொண்டார். அவர் 1885-ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவுகளின்படி, சுமார் 20 நிமிடம் கழித்து மிச்சம் 58 சதவீதம்; ஒரு மணி நேரம் கழித்து 44; ஒரு நாள் கழித்து 34; ஒரு மாதம் கழித்து 21. இந்த எண்களை வரைபடத் தாளில் குறித்துப் பாருங்கள். கோடு முதலில் வேகமாகச் சரிந்து, பிறகு மெல்லத் தாழும். இழப்பில் பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது!

"கதை பொருளற்ற அசையா? அது நினைவில் நிற்குமே!" என்று நீங்கள் கேட்கலாம். நிற்கும், ஆனால் மாறி நிற்கும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெடரிக் பார்ட்லெட் என்பவர், வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை ஒன்றைச் சிலரிடம் படிக்கக் கொடுத்து, பின்னர் நினைவிலிருந்து எழுதச் சொன்னார். 1932-இல் வெளியான அவரது நூலில் இதன் விவரம் உள்ளது. கதையில் இருவர் கடல்நாய் வேட்டைக்குப் போகிறார்கள். திருப்பி எழுதியவர்களில் சிலர் அதை மீன்பிடிப்பு ஆக்கினர். இறப்பவன் வாயிலிருந்து கரிய பொருள் ஒன்று வெளிவருகிறது; அது சிலர் கையில் வாயில் நுரை தள்ளியதாக மாறிவிட்டது. பழக்கமில்லாதவற்றையெல்லாம் மனம் தனக்குப் பழக்கமானவையாக மாற்றிக்கொண்டது. கதைக்கு உயிர் கொடுப்பதோ அந்தப் பழக்கமில்லாத நுணுக்கங்கள்தான் அல்லவா?

சார்லஸ் டார்வின் இதை அனுபவத்தில் கண்டவர். தம் கொள்கைக்கு மாறான செய்தி எதுவாயினும் உடனே குறித்துக்கொள்வதை அவர் விதியாகவே வைத்திருந்தார். அத்தகைய செய்திகளே எளிதில் மறந்துபோகின்றன என்று அவர் தன்வரலாற்றில் கூறுகிறார்.

சரி, எப்படிக் குறிப்பது? இங்கே என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். கல்லூரியில் படித்த நாளில், எங்கள் ஊர்க் கிணறு வற்றிய கோடையைப் பற்றிப் பாட்டி ஒரு சம்பவம் சொன்னார். கதைக்கு ஆகும் என்று ஒரு சீட்டில் எழுதினேன்: "கிணறு – பாட்டி சிரித்தது." பல ஆண்டுகள் கழித்துச் சீட்டு கிடைத்தது. பாட்டி எதற்காகச் சிரித்தார் என்பது நினைவுக்கு வரவில்லை. கேட்கலாம் என்றால் பாட்டி இல்லை. அந்தக் கதை அவரோடு போயிற்று.

தவறு எங்கே? ஊசல் பரிசோதனை செய்யும் மாணவன், 20 அலைவுகளுக்கான நேரத்தை எழுதாமல் இறுதி விடையை மட்டும் எழுதி வந்தால், நான் அதை ஏற்கமாட்டேன். அளவீடு இல்லாமல் விடையைச் சரிபார்க்க வழியேது? நானும் சீட்டில் விடையைத்தான் எழுதியிருந்தேன்.

ஆகவே, "தாத்தா வருத்தமாக இருந்தார்" என்று குறிக்காதீர்கள். அது நீங்கள் கண்ட முடிவு. "தாத்தா வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார், ஒன்றும் எடுக்காமல் மூடினார்" என்று குறியுங்கள். அதுவே அளவீடு. கேட்ட சொல்லைக் கேட்டபடி எழுதுங்கள். இடம், நாள் சேருங்கள். நாளை படிக்கப் போகிறவர், ஒன்றும் தெரியாத வேறொருவர் என்றே எண்ணி எழுதுங்கள்.

நோட்டு அழகாக இருக்க வேண்டியதில்லை. துப்பறியும் கதைகள் எழுதிய அகதா கிறிஸ்டியின் 73 குறிப்பேடுகள் கிடைத்துள்ளன. அவற்றில் கதைத் திட்டங்களுக்கு நடுவே வீட்டுச் சாமான் பட்டியலும் இருக்கிறது!

நீங்களே ஒரு பரிசோதனை செய்து பாருங்கள். இன்று வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் அவர் சிறுவயதுச் சம்பவம் ஒன்றைக் கேளுங்கள். கேட்டவுடன் ஒரு தாளில் எழுதி மடித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து, அதைப் பாராமல் மறுபடி எழுதி, இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டாம் தாளில் எவை காணாமற் போயின, எவை மாறின என்று கோடிடுங்கள். கோடிட்ட இடங்களில்தான் உங்கள் கதை இருக்கிறது.