கொய்யாவில் உண்டு, டப்பாவில் இல்லை

தை மாதம் அலங்காநல்லூர் வாடிவாசல் முன்னால் இறங்கும் மாடுபிடி வீரர்களை மருத்துவர்கள் பரிசோதித்த பிறகே களத்துக்குள் விடுகிறார்கள். கேலரியில் உட்கார்ந்து பார்க்கும் நாற்பது வயதுக்காரருக்கு பிரஷர் எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. கவலையெல்லாம் அவரைப் பற்றித்தான். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலேயே வந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு 59-ஐ ஒட்டி வருகிறது. தினமும் காய், பழம் சாப்பிடும் வழக்கமும் நம்மிடம் குறைவு என்றது அந்த ஆய்வு.

ரத்தக்குழாய்க்குள்

கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். ரத்தக்குழாயின் உட்சுவரில் புகுந்து ஆக்சிஜனேற்றம் அடைகிறது. வெள்ளையணுக்கள் அதை விழுங்கி விழுங்கி வீங்குகின்றன. நாளடைவில் அங்கே கொழுப்புத் திட்டு படிகிறது. பீடி, சிகரெட் புகை இதை வேகப்படுத்தும். வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின் போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட்கள் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கக்கூடியவை.

மாத்திரையாக விழுங்கினால்?

பிரிட்டனில் 20,536 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு இந்த மூன்றையும் ஐந்தாண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2002-ல் முடிவு வந்தது: மாரடைப்பும் குறையவில்லை, மரணமும் குறையவில்லை. பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் கொடுத்ததில் நுரையீரல் புற்றுநோய் கூடியதை 1994-லேயே கண்டார்கள். இதயத்தைக் காக்கும் என்று நம்பி ஆன்டிஆக்ஸிடன்ட் டப்பாவுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

தட்டில் வரட்டும்

நூறு கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது, ஆரஞ்சைப் போல நான்கு மடங்கு. கூடவே நார்ச்சத்தும், ரத்த அழுத்தத்தைத் தணிக்கும் பொட்டாசியமும் வருகின்றன. காய், பழத்தின் பலன் இப்படி எல்லாம் சேர்ந்து கிடைப்பது என்றே நினைக்கிறேன். நாளுக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. நம் வீட்டுத் தட்டிலோ சோறு குவிந்திருக்கும், பொரியல் ஓரமாக ஒரு கரண்டி. அந்த ஒரு கரண்டியை மூன்றாக்கி, சோற்றைக் குறையுங்கள். முருங்கைக்கீரையைக் கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கினால் பீட்டா கரோட்டின் நன்றாக உடலில் சேரும். நெல்லிக்காயைப் பச்சையாகக் கடிப்பதே நல்லது. ஊறுகாயாக்கினால் உப்பு ஏறிவிடும். இவற்றில் பொட்டாசியம் இருப்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.

பிரஷர் மாத்திரை வேறு

கீரை சாப்பிடுகிறோமே என்று பிரஷர், சுகர் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' அவற்றை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. நெஞ்சில் பாரம், கை வலி, திடீர் வியர்வை என்றால் வாயுத் தொல்லை என்று இஞ்சிச் சாறு குடித்துக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதலுதவி மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கிறார்கள்.