எலும்புக்குப் பரவிய புற்றுநோய்: ஒரு நாளா, பத்து நாளா?

ஸ்ரீரங்கத்தில் இடுப்புவலி இல்லாத பெரியவரைக் காண்பது அரிது. சித்திரை வீதி, உத்தர வீதி என்று சுற்றிச் சுற்றி நடந்த கால்கள் எழுபது வயதுக்கு மேல் தகராறு செய்யத்தான் செய்யும். பெரும்பாலும் அது தேய்மானம். ஒத்தடமும் ஓய்வும் போதும். ஆனால் எப்போதோ மார்பகத்திலோ புராஸ்டேட்டிலோ புற்றுநோய் வந்து சிகிச்சை பெற்றவருக்குப் புதிதாக முதுகிலோ தொடையிலோ வலி கிளம்பி, படுத்தாலும் அடங்காமல் ராத்திரியில் கூடுகிறது என்றால், 'வாயு' என்று தள்ளிவிடாதீர்கள். முக்கியமாக, யாரையும் நீவிவிடச் சொல்லாதீர்கள், கட்டுப் போடுகிறவரிடம் அழைத்துப்போகாதீர்கள். உள்ளே அரித்துப்போன எலும்பு ஓர் அழுத்தத்தில் முறிந்துவிடும்.

மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகிய ஐந்து இடத்துப் புற்றுநோய்களுக்கும் எலும்பின்மேல் ஒரு நாட்டம் உண்டு. 1889-இல் ஸ்டீபன் பாஜெட் என்ற லண்டன் மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, நோய் கண்ட இடத்தில் எல்லாம் பரவுவதில்லை, விதைக்கு ஏற்ற மண்ணில்தான் முளைக்கிறது என்று எழுதினார். காவிரிக் கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் எலும்பு சும்மா கிடக்கும் கல் அல்ல. ஒரு வகைச் செல்கள் பழைய எலும்பைக் கரைக்க, இன்னொரு வகை புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கும். அங்கே குடியேறும் புற்றுநோய்ச் செல், கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. எலும்பு கரையும்போது வெளிவரும் வளர்ச்சிப் பொருள்கள் அந்தப் புற்றுக்கே தீனியாகின்றன. எலும்பில் கணிசமான அளவு சுண்ணாம்புச் சத்து கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும் என்பதால், 'எக்ஸ்ரே நார்மல்' என்ற ஒரு வரியை நம்பி உட்கார்ந்துவிட முடியாது. எலும்பு ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ தேவைப்படலாம்.

எலும்புக்குப் பரவிவிட்டால் பெரும்பாலும் நோயை அடியோடு போக்க முடியாது. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் 'குணமாகாது' என்பதை 'செய்ய ஒன்றுமில்லை' என்று வீட்டார் கேட்டுக்கொள்கிறார்கள், அங்கேதான் சிக்கல். புராஸ்டேட், மார்பகப் புற்றுநோய்கள் எலும்பில் மட்டும் இருந்தால் பலர் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள். அந்த ஆண்டுகள் வலியில்லாமல் கழிய வேண்டும், எலும்பு முறியக் கூடாது, மருத்துவமனைக்கு அலைவது குறைய வேண்டும். இந்தக் கட்டத்துச் சிகிச்சையை எடைபோட எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, 'எல்லாவற்றையும் செய்துவிடுங்கள்' என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஆட்டோவில் ஏறி இறங்க வேண்டியவர் அப்பா.

கதிர்வீச்சை எடுத்துக்கொள்வோம். ஓரிடத்தில் குத்தும் எலும்புவலிக்கு அதைவிடச் சிறந்த மருந்து குறைவு. பத்துப் பேரில் ஆறு பேருக்காவது வலி நன்றாகக் குறையும். திருச்சியிலேயே தனியார் புற்றுநோய் மருத்துவமனைகளில் இந்த வசதி உண்டு. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் உண்டு. பட்டியலில் உள்ள மருத்துவமனையானால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். வழக்கமாக 30 கிரே அளவைப் பத்து நாளாகப் பிரித்துக் கொடுப்பார்கள். அதே வலிக்கு 8 கிரேயை ஒரே நாளில் கொடுத்து முடிக்கும் முறையும் இருக்கிறது. நெதர்லாந்தில் சுமார் 1,170 நோயாளிகளை வைத்து நடந்து 1999-இல் வெளியான ஆய்வு, ஒரு தடவை கொடுத்தாலும் ஆறு தடவையாகக் கொடுத்தாலும் வலி குறைவதில் வித்தியாசமில்லை என்று காட்டியது. அதற்குப் பின் பல நாடுகளில் செய்த ஆய்வுகளும் இதையே சொல்லின.

ஒரு குறை உண்டு. ஒரே தடவை பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அதே இடத்தில் மறுபடியும் கதிர்வீச்சு வேண்டியிருக்கிறது. பல நாள் பெற்றவர்களில் பன்னிரண்டில் ஒருவருக்குத்தான். தண்டுவடம் நசுங்கும் நிலையிலோ அறுவைக்குப் பிறகோ கூடுதல் நாட்கள் தேவைப்படலாம். மற்றபடி, ஸ்ரீரங்கத்திலிருந்து தஞ்சாவூருக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர்; முறியும் நிலையில் இடுப்பெலும்பு உள்ள ஒருவரைப் பத்து நாள் அப்படிக் கூட்டிப்போய்த் திரும்புவதும் ஒரு நாள் போய்வருவதும் ஒன்றல்ல. 'ஒரே தடவையில் முடிக்க முடியுமா?' என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. முடியாது என்றால் அதற்கான காரணத்தைச் சொல்வார்.

பலன் மறுநாளே தெரியாது. இரண்டு வாரம், சிலருக்கு நான்கு வாரம் கூட ஆகும். முதல் சில நாட்களில் வலி கூடுவதும் உண்டு. 'கரண்ட் வைத்துக் கெடுத்துவிட்டார்கள்' என்று அப்போது பதற வேண்டாம். அதற்கு மாத்திரை இருக்கிறது.

எலும்பு கரைவதைத் தடுக்கும் ஜோலெட்ரோனிக் ஆசிட் ஊசியிலும் இதே கணக்குத்தான். மாதம் ஒருமுறை 4 மில்லிகிராம் என்பது பழைய வழக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டாலும் பாதுகாப்பு குறைவதில்லை என்று 2017-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஊசிக்கு முன் சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்க்க வேண்டும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதையும் முன்னாலேயே முடித்துவிட வேண்டும். ஊசி தொடங்கிய பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. இதை நோயாளி பல் டாக்டரிடம் தானாகச் சொல்ல வேண்டும், அவருக்கு வேறு எப்படித் தெரியும்?

புராஸ்டேட் நோய்க்கு ஆண் ஹார்மோனைக் குறைப்பதே முதல் வைத்தியம். 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் கண்டறிந்த வழி, பின்னர் நோபல் பரிசும் பெற்றது. விதைப்பையில் ஒரு சிறிய அறுவை அல்லது மாதக்கணக்கில் ஒருமுறை போடும் ஊசி. எலும்புவலி சில வாரங்களில், சிலருக்குச் சில நாட்களிலேயே அடங்குகிறது. ஹார்மோனைச் சார்ந்த மார்பகப் புற்றுநோய்க்கு மாத்திரைகள் உண்டு. தொடை எலும்பு முறியும் போலிருந்தால், முறியும்வரை காத்திராமல் முன்கூட்டியே கம்பி வைப்பார்கள்.

இனி மார்ஃபின். பெயரைக் கேட்டதும் வீட்டில் முகம் மாறுகிறது. 'போதை மருந்தா?' என்பார்கள்; 'கடைசி நேரம் வந்துவிட்டதா?' என்றும் நினைப்பார்கள். இரண்டும் சரியல்ல. கடும் புற்றுநோய் வலிக்கு மருத்துவர் கண்காணிப்பில் சரியான அளவில் கொடுத்தால், மார்ஃபினுக்கு அடிமையாவது அபூர்வம். பாரசிட்டமாலில் தொடங்கிப் படிப்படியாக மார்ஃபின்வரை ஏறும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வகுத்தது. சட்டபூர்வமாக அபின் விளையும் மிகச் சில நாடுகளில் ஒன்று இந்தியா. ஆனாலும் 1985-இன் போதைப்பொருள் சட்டம் கொண்டுவந்த உரிமங்களுக்கு அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபினை வைத்துக்கொள்ளாமலே விட்டன. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை இப்போது பழைய உரிமக் குவியல் இல்லாமல் அதை வாங்கிக் கொடுக்கலாம். இத்தனைக்குப் பிறகும் ஒருவர் டைக்ளோஃபெனாக்கை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி விழுங்கி வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்கிறார் என்றால், அது வீண் துன்பம்.

சாதாரண மார்ஃபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி வந்த பிறகு கொடுப்பது தப்பு. முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருந்து சரியாகிவிடும். மலச்சிக்கல் மட்டும் போகாது, ஆகவே அதற்கான மருந்தும் முதல் நாளிலிருந்தே கூடவே வேண்டும்.

படுத்த படுக்கையில் இருப்பவரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை, இயன்முறை சிகிச்சை தருவதும் அடக்கம். அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

ஆனால் இரண்டு சமயங்களில் ஓடத்தான் வேண்டும். அடங்காத தாகம், மலச்சிக்கல், பேச்சில் குழப்பம் மூன்றும் சேர்ந்து வந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். வயசான மறதி என்று விடாதீர்கள். முதுகுவலியோடு கால் தளர்ந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு மாறினாலோ தண்டுவடம் நசுங்குகிறது. அப்போது விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐ அழையுங்கள். நடக்க முடிகிறபோதே சிகிச்சை தொடங்கியவர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் முழுதும் செயலிழந்த பின் வருபவர்களில் வெகு சிலரே மறுபடி எழுந்து நடக்கிறார்கள்.