கெர்னலுக்கு மட்டும் ஒரு நகல்

மின்கட்டண ரசீது தொலைந்தால் யாரும் பதறுவதில்லை. வீட்டின் கிரயப் பத்திரத்துக்கு மட்டும் நகல் எடுத்து வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துகிறோம். பெரிய சர்வர்களின் நினைவகத்திலும் இதே கணக்குதான்.

ராமில் எழுதிய பிட்டு, எழுதியபடியே இருக்கும் என்று சொல்ல முடியாது. சிப்பின் உறையில் கலந்திருக்கும் கதிரியக்கப் பொருள் கக்கும் ஆல்ஃபா துகள் பட்டாலே பிட்டு புரண்டுவிடும் என்று 1970களின் கடைசியில் இன்டெலின் டிமோதி மே, மரே வுட்ஸ் இருவரும் கண்டுபிடித்தார்கள். கூகுளின் சர்வர்களைப் பற்றி 2009இல் வந்த ஆய்வு, ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்றில் ஒரு சர்வர் நினைவகப் பிழையைச் சந்திக்கிறது என்றது.

பெரும்பாலான பிழைகளை ஈசிசி நினைவகம் சத்தமில்லாமல் திருத்திவிடும். வழக்கமான அமைப்பில் 64 பிட் தரவுக்கு 8 பிட் காவல். ஒரு பிட்டு புரண்டால் சரிசெய்யும். இரண்டு புரண்டால் தவறு நடந்ததைக் காட்டிக்கொடுக்கும், திருத்தாது.

அப்படித் திருத்த முடியாத பிழை வந்தால், பழுதான நினைவகப் பக்கம் யாருடையது என்பதே கேள்வி. ஒரு பயன்பாட்டுடையது என்றால், லினக்ஸ் பெரும்பாலும் அதை மட்டும் நிறுத்திவிட்டு அந்தப் பக்கத்தை ஒதுக்கிவைக்கும். லினக்ஸின் மையமான கெர்னலின் சொந்தத் தரவு என்றால் மீட்சி அரிது, சர்வரே விழுந்துவிடும்.

இதற்கு மருந்து மிரரிங். ஒவ்வொரு தரவையும் இரண்டு இடத்தில் எழுதி, ஒன்று கெட்டால் மற்றதிலிருந்து படிப்பது. ஆனால் முழு மிரரிங்கில் 512 ஜிபி வாங்கினால் 256 ஜிபிதான் கைக்கு வரும். அதனால் முகவரிகளின் ஒரு பகுதிக்கு மட்டும் நகல் வைக்கும் வசதி இன்டெலின் ஜியான் சர்வர்களுக்கு வந்தது.

எந்தப் பகுதிக்கு நகல் உண்டு என்பது கெர்னலுக்கு எப்படித் தெரியும்? இயந்திரம் விழிக்கும்போது ஃபர்ம்வேர் நினைவக வரைபடம் ஒன்றைக் கெர்னலிடம் கொடுக்கிறது. 2015இல் வந்த யூஇஎஃப்ஐ 2.5 என்ற ஃபர்ம்வேர் தரநிலை, 'இந்தப் பகுதி கூடுதல் நம்பகமானது' என்று அதில் குறிக்க இடம் தந்தது. 2016இல் லினக்ஸ் 4.6 'கெர்னல்கோர்=மிரர்' என்ற தொடக்க அளவுருவைச் சேர்த்தது. அதைக் கொடுத்தால் கெர்னல் நகலுள்ள பகுதியில் குடியேறும். மீதியைப் பயன்பாடுகளுக்கு விடும்.

நகலுள்ள பகுதியின் அளவை ஃபர்ம்வேரின் அமைப்புத் திரையில் தீர்மானிக்கலாம். லினக்ஸுக்குள்ளிருந்தே ஈஎஃப்ஐ-பூட்-மேனேஜர் கருவி மூலமும் கேட்கலாம். 4 ஜிபிக்குக் கீழுள்ள நினைவகத்துக்கு 'வேண்டும், வேண்டாம்' என்ற விடை போதும். அதற்கு மேலுள்ளதற்கு எத்தனை சதவீதம் என்று எண் தர வேண்டும். இது கோரிக்கைதான். அடுத்த முறை இயந்திரம் தொடங்கும்போது ஃபர்ம்வேர்தான் முடிவெடுக்கும். எவ்வளவு கிடைத்தது என்பதைக் கெர்னலின் தொடக்கப் பதிவில் பார்க்கலாம்.

கஞ்சத்தனமும் ஆபத்து. நகலில்லாத பகுதியைக் கெர்னல் தன் தேவைக்கு எடுக்காது. ஒதுக்கியது குறைந்தால், ராம் ஏராளமாகக் காலியிருக்கும்போதே கெர்னலுக்குத் தட்டுப்பாடு வரும். ஆகவே உங்கள் சர்வரில் கெர்னல் எவ்வளவு நினைவகம் பிடிக்கிறது என்று சில நாள் அளந்து பாருங்கள். பிறகு எண்ணைக் கொடுங்கள்.