முகாமுக்கு மூட்டை கட்டுவோம்

சாரணியர் முகாம் என்று அறிவித்ததுமே எழும் முதற்கேள்வி, "என்னென்ன கொண்டுபோக வேண்டும்?" என்பதுதான். மூன்று இரவுகள் கூடாரத்தில் தங்கி, விறகடுப்பில் சமைத்து, ஒரு நாள் செஞ்சி ராஜகிரி மலையும் ஏறி இறங்கிய நாங்கள், அடுத்து வரும் தங்கைமாருக்காக இதை எழுதுகிறோம்.

பெற்றோர் கவனத்திற்கு முதலில் ஒன்று. புதிதாக எதையும் வாங்க வேண்டாம். சென்ற முறை எங்கள் அணியைச் சேர்ந்த ஒருத்தி, நல்ல முதுகுப்பை இல்லையே என்ற கூச்சத்தில், வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே நின்றுவிட்டாள். பின்னர் அறிந்து மிகவும் வருந்தினோம். புத்தகங்களை எடுத்துவிட்டால் பள்ளிப்பையே முகாம் பைதான்! ஜமுக்காளத்துக்குள் போர்வையை வைத்துச் சுருட்டிக் கயிற்றால் கட்டினால் படுக்கை தயார். அதே கயிறு முடிச்சுப் பயிற்சிக்கும் துணி உலர்த்தவும் ஆகும். கழுவிக் காயவைத்த பால் கவர்களில் தீப்பெட்டி, சோப்பு, மாற்றுடை ஆகியவற்றைத் தனித்தனியே கட்டிவிட்டால் ஐப்பசி மழைக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

அவரவர் மூட்டையை அவரவரே சுமக்க வேண்டும். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். 40 கிலோ எடையுள்ள மாணவிக்கு, தண்ணீரையும் சேர்த்து, 8 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ என்பதை மறவாதீர்கள். இரவில் தேவைப்படுபவை அடியில். கனமானவை நடுவில், முதுகை ஒட்டி. மழைச்சட்டை, முதலுதவிப் பொருள்கள் மேலே. துணிகளை மடிக்காமல் சுருட்டினால் இடம் மிஞ்சும். டார்ச் லைட்டின் பேட்டரி ஒன்றைத் திருப்பிப் போட்டு வைத்தால் பைக்குள்ளேயே எரிந்து தீராது. தட்டு, தம்ளர் உட்பட எல்லாவற்றிலும் பெயர் வேண்டும். மாதவிலக்குக்கு வேண்டியவற்றை, நாள் தள்ளியிருந்தாலும், கட்டாயம் எடுத்து வையுங்கள். அலைச்சலில் நாள் முன்பின் ஆவதுண்டு. இதில் வெட்கம் எதற்கு?

முந்தின நாள் மாலை மூட்டையைச் சுமந்து வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். தோளில் வலித்தால் மறுபடி பிரியுங்கள். எங்களில் ஒருத்தியின் பையிலிருந்து அப்படி வெளியே வந்தவை இரண்டு கிலோ முறுக்கும் ஓர் இஸ்திரிப் பெட்டியும்!

மலையேறும் நாளுக்கு வேண்டியவை வேறு. ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். நண்பகலில் பாறை அனலாய்க் கொதிக்கும். பழகிய செருப்பு, தொப்பி, தண்ணீர், சிறிது உப்பும் சர்க்கரையும் போதும். தின்பண்டத்தைக் கையில் பிடித்தால் குரங்கு பறித்துக்கொள்ளும்.

1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டும் இக்கோட்டை தாக்குப்பிடித்தது. அடிவாரத்துக் களஞ்சியத்தையும் குளங்களையும் பார்த்தபோது அதற்கான காரணம் எங்களுக்குப் பாதியேனும் புரிந்தது. சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவலும் 1899-1900இல் தென்னாப்பிரிக்காவின் மேஃபெகிங் நகரில் 217 நாள் முற்றுகைக்குள் இருந்தவரே. "தயாராயிரு" என்று அவர் சும்மா சொல்லவில்லை. ஆனால் கோட்டைக்காரருக்குக் களஞ்சியம் இருந்தது; நமக்கோ முதுகில் உள்ளதுதான்.

கடைசியாக ஒன்று. பையில் கொஞ்சம் இடம் விடுங்கள். ஈரத்துணி சேர்வதாலோ என்னவோ, போகும்போது அடங்கிய மூட்டை திரும்பும்போது அடங்குவதேயில்லை.