பழைய கார்களில் விட்டு விட்டு வரும் ஸ்டார்ட்டிங் கோளாறு

பழைய கார் ஒன்று ஒரு நாள் சாவியைத் திருப்பியதும் கிளம்பும். மறுநாள் அசையாது. அரை மணி நேரம் கழித்து, யாரும் எதையும் தொடாமலேயே மீண்டும் கிளம்பும். இப்படி விட்டு விட்டு வரும் கோளாறு, நிலையாக இருக்கும் கோளாறைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது. மெக்கானிக்கிடம் போய்ச் சேரும் நேரத்தில் வண்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். எனவே ஊகத்தின் பேரில் பொருள்களை மாற்றத் தொடங்குவார்கள்: முதலில் பேட்டரி, அடுத்து ஸ்டார்ட்டர் மோட்டார், அதற்கடுத்து ஆல்டர்னேட்டர். ஆனால் இவ்வகைக் கோளாறுகளில் பல, இப்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் முனைகளிலும் கம்பிகளிலும்தான் இருக்கின்றன. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, கார்புரேட்டர் பொருத்திய மாருதி 800 போன்ற வண்டிகளை மனத்தில் கொண்டு இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது.

என்னிடமிருந்த பழைய காரும் இப்படித்தான் செய்தது. ஓர் இரவு, மூச்சுத் திணறிய மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப் பின் இருக்கையில் உட்கார வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், 'டிக்' என்ற ஓசை மட்டுமே வந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலையில் அதே வண்டி ஒரே தொடுதலில் கிளம்பியது. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில்தான் புதுப் பேட்டரி வாங்கியிருந்தேன். ஸ்டார்ட்டரையும் கழற்றிப் பழுது பார்த்திருந்தார்கள்.

மின்சாரம் செல்லும் வழி

ஸ்டார்ட்டருக்கு இரண்டு மின்பாதைகள் உண்டு. சாவி சுவிட்சிலிருந்து சொலினாய்டுக்கு ஒரு மெல்லிய கம்பி செல்கிறது. சொலினாய்டு என்பது ஒரு மின்காந்தம். அது இழுபடும்போது உள்ளேயிருக்கும் செப்புத் தொடுமுனைகள் சேர்ந்து, பேட்டரியிலிருந்து தடித்த கேபிளில் வரும் மின்சாரத்தை மோட்டாருக்கு விடுகின்றன. சிறிய பெட்ரோல் காரில்கூட இம்மின்னோட்டம் 100 ஆம்பியரைத் தாண்டும். உள்ளே போன அவ்வளவு மின்சாரமும் எஞ்சினின் உலோக உடல் வழியாகவும், எர்த் பட்டை வழியாகவும் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பியாக வேண்டும். சோதிக்கும்போது பலரும் மறந்துவிடுவது இந்தத் திரும்பும் பாதையைத்தான்.

பள்ளியில் படித்த ஓம் விதியை இங்கே பொருத்திப் பார்க்கலாம். துருவேறிய ஓர் இணைப்பின் மின்தடை 0.02 ஓம் என்று கொள்வோம். அதன் வழியே 4 ஆம்பியர் விளக்கு எரிந்தால் இழப்பு 0.08 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. அதே இணைப்பில் 120 ஆம்பியர் ஓடினால் இழப்பு 2.4 வோல்ட். ஸ்டார்ட்டர் திணற அதுவே போதும். "விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறதே, ஹாரன் அடிக்கிறதே" என்று சொல்லி இணைப்புகளைச் சந்தேகிக்காமல் விடுவது இதனால்தான் தவறாகிறது. பாதி அடைத்த குழாயிலும், திறப்பை மூடி வைத்திருக்கும்வரை நீரின் அழுத்தம் முழுதாகவே இருக்கும். திறந்தால்தான் குறை தெரியும்.

ஒலியைக் கவனித்தல்

மீட்டரை எடுக்குமுன் காதைப் பயன்படுத்த வேண்டும். 'டிக்டிக்டிக்' என்று வேகமாகத் தொடர்ந்து ஒலித்தால் சொலினாய்டு இழுபட்டதும் வோல்ட் சரிந்து, அது விடுபட்டு, மறுபடி இழுபடுகிறது என்று பொருள். பேட்டரியில் சார்ஜ் குறைவு அல்லது அதன் முனைகளில் தளர்வு இருக்கலாம். ஒரே ஒரு 'டிக்' என்றால் தடித்த கேபிள்கள், எர்த், சொலினாய்டின் கருகிய தொடுமுனை, மோட்டாரின் தேய்ந்த கார்பன் பிரஷ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டரின் உடலை மரக்கட்டையால் மெல்லத் தட்டியதும் சுழன்றால் பிரஷ்மீது சந்தேகம் வலுக்கும். எந்த ஓசையும் இல்லாமல், ஹெட்லைட்டும் மங்காமல் இருந்தால் மெல்லிய கம்பியின் பாதையில்தான் கோளாறு. எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லையென்றால் அது வேறு கதை. இக்னிஷன் காயில், கண்டென்சர், பெட்ரோல் என்று தேட வேண்டும்.

சுமையில் அளத்தல்

சாதாரண மல்டிமீட்டர் ஒன்றும் சாவியைத் திருப்ப ஓர் ஆளும் போதும். கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட வேண்டும். மீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வைக்க வேண்டும்.

சில மணி நேரம் ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். ஸ்டார்ட்டர் சுழலும்போது இது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. போகவில்லை, ஆனாலும் மோட்டார் திணறுகிறது என்றால் வழியில் எங்கோ வோல்ட் தொலைகிறது. அந்த இடத்தைப் பிடிப்பதற்குத்தான் அடுத்த சோதனை.

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையில், அதாவது கிளாம்பில் வைக்காமல் ஈய முனையிலேயே வைத்து, மற்றதை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியில் அழுத்திக்கொண்டு, சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதை சரியில்லை. அதேபோல் பேட்டரியின் நேர்முனைக்கும் ஸ்டார்ட்டரின் தடித்த கேபிள் முனைக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது. பிறகு ஈய முனைக்கும் கிளாம்புக்கும் இடையே, கிளாம்புக்கும் கேபிளுக்கும் இடையே என்று ஒவ்வொரு துண்டாக அளந்தால் குற்றவாளி அகப்படும். வண்டி சாதுவாக இருக்கும் நாளிலும் நலிந்த இணைப்பு பெரும்பாலும் சற்றுக் கூடுதலான இழப்பைக் காட்டிவிடும். காட்டாவிட்டால் கேபிள்களை அசைத்தபடி அளக்கலாம்.

என் வண்டியில் எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டையில் மட்டும் 1.8 வோல்ட் தொலைந்தது. வெளியே நன்றாகத் தெரிந்த அந்தப் பட்டையைக் கழற்றி வளைத்தபோது உள்ளிழைகள் பச்சைத் தூளாக உதிர்ந்தன. எர்த் பட்டை கெட்ட வண்டியில் மின்சாரம் ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் போன்ற வேறு உலோக வழிகளில் திரும்பப் பார்க்கும். நாலைந்து முறை ஸ்டார்ட் செய்தபின் அவை சூடாக இருந்தால் அதுவே ஒரு தடயம். எனக்கு இது அப்போது தெரிந்திருந்தால் புதுப் பேட்டரியின் விலை மிஞ்சியிருக்கும்.

சூடானால் மட்டும் கிளம்பாதவை

செம்பின் மின்தடை வெப்பம் 1 பாகை செல்சியஸ் கூடும்போது ஏறத்தாழ 0.4 விழுக்காடு உயரும். எஞ்சினை ஒட்டியிருக்கும் சொலினாய்டின் சூடு 50 பாகை ஏறினால் அதன் சுருளின் தடை ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். சாவி சுவிட்சும் தேய்ந்திருந்தால் இழுபடும் வலு கிடைக்காது; ஆறியதும் கிளம்பும். சாவி சுவிட்சுக்கும் சொலினாய்டுக்கும் நடுவே ஒரு ரிலே பொருத்துவது பழைய வண்டிகளில் வழக்கமான தீர்வு. சாவி வளையத்தில் வீட்டுச் சாவி, பீரோ சாவி என்று கொத்தாகத் தொங்கவிடுவதும் சுவிட்சைச் சீக்கிரம் தேய்க்கிறது.

சார்ஜும் கசிவும்

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஓடும் எஞ்சினில் பேட்டரியின் கிளாம்பைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது டயோடுகளையும் ரெகுலேட்டரையும் கெடுக்கும், செய்யவே கூடாது.

இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் மட்டும் கிளம்பாத வண்டியில் மின்சாரம் எங்கோ கசிகிறது. டிக்கியில் அணையாத 5 வாட் விளக்கு ஒன்று 0.4 ஆம்பியர் எடுத்தால், 35 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு நாள்கூடத் தாங்காது. எல்லாவற்றையும் அணைத்து, எதிர்முனைக் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இடையே இணைத்து, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எதை எடுத்ததும் அளவு விழுகிறதோ அந்தச் சுற்றில் தேடலாம். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பக் கூடாது, மீட்டர் எரிந்துபோகும்.

பேட்டரியில் ஹைட்ரஜன் வாயு உண்டாவதால் அருகே தீப்பொறி ஆகாது. கைமோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பூஞ்சணத்தைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, முறுக்கிய பின் மேலே சிறிது வாசலின் தடவலாம். கழுவும் நீர் பேட்டரியின் உள்ளே போகாமல் மூடிகளை இறுக்கியிருக்க வேண்டும்.