எமலிங்கம் வருவதற்குள் ஒரு பட்டம்

கதவைத் தட்டாதீங்க, மெல்லத் தள்ளுங்க! தொழில்முறைக் குத்துச்சண்டையின் பாதிக் கூத்து மேடைக்குப் பின்னால்தான்.

முதலில் தராசு. சண்டைக்கு முந்தின நாளே எடை பார்த்துவிடுவார்கள். மிடில்வெயிட்டுக்கு 72.6 கிலோ, அதற்கடுத்த சூப்பர் மிடில்வெயிட்டுக்கு 76.2. அதற்குள் அடங்க, சோற்றைக் குறைத்து, கடைசியில் தண்ணீரையும் நிறுத்தி வற்றிப்போய் வருவார் வீரர். கொஞ்சம் இடித்தால் ஜட்டியையும் கழற்றிவிட்டு, முன்னால் நாலு பேர் துண்டு பிடிக்க ஏறுவார். நிஜமாத்தான்! இறங்கியதும் தண்ணீர், பிறகு சோறு. மறுநாள் மேடையில் சில கிலோ கூடியே நிற்பார். பெரும்பாலும் அதைக் கேட்க ஆளில்லை.

அடுத்தது கைக்கட்டு. துணியும் பிளாஸ்திரியும் சுற்றச் சுற்ற, எதிராளியின் ஆள் ஒருவர் பக்கத்திலேயே நின்று கண்கொட்டாமல் பார்ப்பார். உள்ளே எதையாவது ஒளித்துவிட்டால்? முடிந்ததும் கட்டின் மேலேயே அதிகாரி கையெழுத்துப் போடுவார்.

இந்தச் சடங்குகளுக்குள் 2015இல் நுழைந்தவர் பிவானி பஸ் டிரைவர் மகன் விஜேந்தர் சிங். 2008 பெய்ஜிங்கில் மிடில்வெயிட் வெண்கலம். குத்துச்சண்டையில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. மான்செஸ்டரில் லீ பியர்டிடம் பயிற்சி. பாம்பு ரத்தம் குடிப்பதாகப் பீற்றிக்கொண்ட ஹங்கேரிக்காரர் ஹோர்வாத்தை லிவர்பூலில் மூன்றாம் சுற்றிலேயே முடித்தார். பாவம் பாம்பு!

2016 ஜூலை 16, டெல்லி தியாகராஜ் அரங்கம். முதல் ஆறு எதிராளிகளும் ஐந்து சுற்றுக்குள் கவிழ்ந்தவர்கள்; ஏழாமவர் கெர்ரி ஹோப் கவிழவே இல்லை. பத்துச் சுற்று, இடைவேளையோடு 39 நிமிடம். பௌர்ணமி கிரிவல நெரிசலில் நம்ம திருவண்ணாமலை ராஜகோபுரத்தில் கிளம்பினால் அதற்குள் எமலிங்கத்தை எட்டுவதே பெரிசு. மூன்று நடுவர்களும் விஜேந்தர் பக்கம். ஆசிய பசிபிக் சூப்பர் மிடில்வெயிட் பட்டம் அவருக்கு.

சுற்றுகளுக்கு நடுவே வரும் அந்த ஒரு நிமிட இடைவேளைதான் எனக்குப் பிடித்தது. ஒருவர் வாய்க்கவசத்தைக் கழுவுவார், ஒருவர் வீக்கத்தில் குளிர்ந்த இரும்பை அழுத்துவார், பயிற்சியாளர் காதில் கத்துவார். கிழிந்த புருவத்துக்கு அட்ரினலின் தோய்த்த பஞ்சு, மேலே வாசலின். இத்தனையும் மணி அடிப்பதற்குள்!

தொடர்ந்து 12 வெற்றி. 2021 மார்ச்சில் கோவாவில் ஒரு சூதாட்டக் கப்பலின் மேல்தளத்தில் ரஷ்யாவின் லோப்சான் ஐந்தாம் சுற்றில் அந்தக் கணக்கை முடித்தார். விஜேந்தர் விடுவாரா? மறு ஆண்டே ராய்ப்பூரில் கானாவின் சுல்லேவுக்கு இரண்டாம் சுற்றைத் தாண்ட விடவில்லை.